லேப் ரிப்போர்ட் எழுதுவது எப்படி? ரீடிங் சரியா வரலைன்னா என்ன செய்யணும்? பொறியியல் மாணவர்களுக்கான விளக்கம்

பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே மாணவர்கள் கைக்கு இரண்டு நோட்டுகள் வந்துவிடும். ஒன்று அப்சர்வேஷன், இன்னொன்று ரெக்கார்டு. லேபில் ரீடிங் எடுக்கும்போது எழுதுவது அப்சர்வேஷன். அதை வீட்டிலோ ஹாஸ்டலிலோ உட்கார்ந்து ஒழுங்காக எழுதிக் கொடுப்பது ரெக்கார்டு. இவை போதாதென்று, சில ஆசிரியர்கள் "ரெண்டு பக்கத்துல ஷார்ட் ரிப்போர்ட் எழுதிட்டு வாங்க" என்றும் சொல்வார்கள். அங்கேதான் பலர் முழிப்பார்கள்.

காரணம், நம்மூரில் ரெக்கார்டு என்றாலே பார்த்து எழுதுவதுதான் என்ற பழக்கம். சீனியரின் பழைய ரெக்கார்டு ஒன்று ஹாஸ்டலில் சுற்றிக்கொண்டே இருக்கும். செய்முறை, படம், அட்டவணை எல்லாமே அதில் இருக்கும். சில நேரம் ரிசல்ட்டும் அதிலிருந்தே வந்துவிடும். மார்க்கும் கிடைத்துவிடும். பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும்?

ரெக்கார்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். போனஃபைடு சான்றிதழ் இருக்கும். இந்தப் பதிவு எண் கொண்ட மாணவர் உண்மையாகவே செய்த வேலை இது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். ஆசிரியரும் துறைத் தலைவரும் கீழே கையெழுத்துப் போடுவார்கள். சீனியரின் ரீடிங்கை எழுதி வைத்தால் அந்தப் பக்கமே பொய்யாகிவிடுகிறது.

மார்க் கணக்கும் சின்னது இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, லேப் பாடங்களுக்கு இன்டர்னல் 60, செமஸ்டர் தேர்வு 40. தியரி பாடத்தில் இது அப்படியே தலைகீழ். அதாவது லேபில் பாதிக்கு மேல் மதிப்பெண், செமஸ்டர் முழுக்க நீங்கள் செய்யும் வேலையிலும் எழுதும் நோட்டிலும்தான் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம்.

மேனுவல் வேறு, ரிப்போர்ட் வேறு

லேப் மேனுவல் என்பது இனிமேல் செய்யப்போகிறவருக்கான வழிகாட்டி. "கத்தி முனைகளின் மீது அளவுகோலை வையுங்கள், 50 கிராம் எடையைச் சேருங்கள்" என்று கட்டளையாக இருக்கும். ரிப்போர்ட் என்பது செய்து முடித்தவர் சொல்வது. "அளவுகோல் 70 செ.மீ. இடைவெளியில் வைக்கப்பட்டது, 50 கிராம் வீதம் எடை சேர்க்கப்பட்டது" என்று நடந்ததாக இருக்க வேண்டும். மேனுவலின் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதினால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே அதில் இருக்காது. மேனுவலில் 'தகுந்த இடைவெளி' என்று இருக்கும். நீங்கள் வைத்தது 70 செ.மீ. ரிப்போர்ட்டுக்கு வேண்டியது அந்த 70.

ஷார்ட் ரிப்போர்ட்டில் செய்முறைக்கு ஐந்தாறு வரி போதும். உங்கள் வகுப்பிலேயே இருக்கும், ஆனால் அன்று லேபுக்கு வராத ஒரு நண்பர் அதைப் படித்துவிட்டு அதே சோதனையைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் போதுமான அளவு எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கத்துக்கு தியரி எழுதத் தேவையில்லை. சூத்திரமும், அதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது என்பதும், அதன் அலகும் இருந்தால் போதும்.

ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம்

முதலாமாண்டு இயற்பியல் லேபில் பலரும் செய்யும் நான்-யூனிஃபார்ம் பெண்டிங் சோதனை. ஒரு மர மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்தி முனைகள் மேல் வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, ஸ்கேல் எவ்வளவு இறங்குகிறது என்று டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, யங் குணகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கு இதுதான். நிறை, ஈர்ப்பு முடுக்கம், 'எல் கியூப்' மூன்றையும் பெருக்கி மேலே எழுத வேண்டும். 4, அகலம், 'டி கியூப்', இறக்கம் நான்கையும் பெருக்கிக் கீழே எழுத வேண்டும். மேலதைக் கீழதால் வகுத்தால் விடை. எல் என்பது கத்தி முனைகளுக்கு இடையிலான நீளம், டி என்பது ஸ்கேலின் தடிமன்.

ரீடிங் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: நீளம் 70 செ.மீ., அகலம் 2.5 செ.மீ., தடிமன் 6 மி.மீ., 50 கிராமுக்கு இறக்கம் 0.080 செ.மீ. எல்லாவற்றையும் மீட்டருக்கும் கிலோவுக்கும் மாற்றி கால்குலேட்டரில் போட்டால் 9726273148 என்று வரும். அலகு, சதுர மீட்டருக்கு நியூட்டன்.

பல ரெக்கார்டுகளில் இந்தப் பத்து இலக்கத்தையும் அப்படியே ரிசல்ட் என்று எழுதி, கட்டம் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்திருப்பார்கள். உங்கள் மைக்ராஸ்கோப் காட்டியது 0.080. அதில் கடைசி இலக்கத்திலேயே சந்தேகம் இருக்கிறது. அப்படிப்பட்ட அளவை வைத்து பத்து இலக்கத் துல்லியத்தை எப்படிக் கோர முடியும்? 9.7 × 10⁹ என்று எழுதுவதுதான் நேர்மையான விடை.

கணக்கு போட்டதும் இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். மரத்தின் யங் குணகம் வகையைப் பொறுத்து மாறினாலும் 10 × 10⁹-க்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். ஸ்டீலுக்குச் சுமார் 200 × 10⁹. உங்களுக்கு வந்த விடை ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தால், மரத்தைச் சந்தேகப்பட வேண்டாம். தடிமனில் மில்லிமீட்டரை சென்டிமீட்டர் என்று எடுத்திருப்பீர்கள். பத்து மடங்கு தவறு, கியூப் ஆகும்போது ஆயிரம் மடங்காகிவிடும்.

பிழை எங்கே ஒளிந்திருக்கிறது?

ரிப்போர்ட்டில் பெரும்பாலானோர் ஒரே வரியில் கடந்துபோகும் இடம் இது. "ஹியூமன் எரர் காரணமாக விடையில் சிறிய வித்தியாசம் ஏற்பட்டது" என்று எழுதிவிடுவார்கள். எந்தச் சோதனைக்கும் எழுதலாம், எந்த வருஷத்துக்கும் எழுதலாம். அதனாலேயே அந்த வரிக்கு மதிப்பு கிடையாது.

எந்தக் கருவி, எந்த அளவு, விடையை எந்தப் பக்கம் இழுத்தது, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மேலே உள்ள சோதனையிலேயே பார்க்கலாம்.

நீளத்தில் 1 மி.மீ. தவறினால், 700 மி.மீ.-இல் அது சுமார் 0.14 சதவீதம். கியூப் என்பதால் விடையில் 0.4 சதவீதம் ஆகும். அகலத்தை அளக்கும் வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் 0.01 செ.மீ. என்றால், 2.5 செ.மீ.-இல் அதுவும் 0.4 சதவீதம். பள்ளியில் மீச்சிற்றளவு என்று படித்ததைத்தான் இங்கே லீஸ்ட் கவுன்ட் என்கிறார்கள். தடிமனை அளக்கும் ஸ்க்ரூ கேஜின் லீஸ்ட் கவுன்ட் 0.01 மி.மீ. அதனால் வரும் பிழை, கியூப் செய்த பிறகும் 0.5 சதவீதம்தான். இறக்கத்தில் 0.002 செ.மீ. சந்தேகம் இருந்தால், 0.080-இல் அது 2.5 சதவீதம்.

எல்லாவற்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 4 சதவீதம். ஆக, விடையை (9.7 ± 0.4) × 10⁹ என்று எழுதலாம். இதில் பெரும் பங்கு இறக்கத்தை அளந்ததால் வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. அடுத்த முறை சோதனையை மேம்படுத்த வேண்டுமானால், மீட்டர் ஸ்கேலை விட்டுவிட்டு மைக்ராஸ்கோப் ரீடிங்கில்தான் கவனம் வைக்க வேண்டும். டிஸ்கஷன் பகுதியில் எழுத வேண்டிய விஷயம் இதுதான், இதை எழுத நான்கு வரி போதும்.

இனி ஸ்க்ரூ கேஜின் சுழிப் பிழையைக் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கருவி 0.10 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது. 6 மி.மீ. தடிமனை 6.10 என்று எழுதிவிட்டீர்கள். வெறும் 0.1 மி.மீ. தானே? ஆனால் விடை 9.7-லிருந்து 9.3-க்கு இறங்கிவிடும். கிட்டத்தட்ட 5 சதவீதம். மற்ற எல்லாப் பிழைகளையும் கூட்டினாலும் இந்த அளவுக்கு வராது. தடிமனை ஸ்கேல் நெடுக ஐந்தாறு இடங்களில் அளக்கச் சொல்வதும், சுழிப் பிழையைத் தனியாக எழுதச் சொல்வதும் இதனால்தான்.

எடை தாங்கியின் எடையைச் சேர்க்கவில்லையே என்று சிலர் பயப்படுவார்கள். அட்டவணையில் டபிள்யூ, டபிள்யூ+50, டபிள்யூ+100 என்று எழுதுவது நினைவிருக்கும். அந்த டபிள்யூதான் தாங்கி. நாம் எடுப்பது வித்தியாசத்தை என்பதால் அது தானாகவே கழிந்துவிடும். அது பிழை இல்லை.

"சார், ஒரு ரீடிங் மட்டும் ஒத்துவரலை"

இறக்கம் 0.081, 0.079, 0.080 என்று அழகாக வந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒன்று 0.112 என்று வரும். லேப் முடிய பத்து நிமிஷம் இருக்கும். பக்கத்து பேட்ச்காரர், "0.081-னு போட்டுட்டு வாடா, யாரு பாக்கப்போறா" என்பார்.

நேரம் இருந்தால் அந்த ரீடிங்கைத் திரும்ப எடுங்கள். பின் நகர்ந்திருக்கலாம், ஸ்கேல் கத்தி முனையில் இருந்து வழுக்கியிருக்கலாம், மைக்ராஸ்கோப்பில் ஒரு கோடு தள்ளிப் படித்திருக்கலாம். எடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் தனித்தனியாக ரீடிங் எடுப்பதன் பயன் இங்கேதான் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் வேறுபட்டால் ஏதோ அசைந்திருக்கிறது.

நேரம் இல்லையென்றால் 0.112-ஐ அட்டவணையில் அப்படியே விட்டுவிடுங்கள். சராசரியில் சேர்க்கவில்லை என்றால், சேர்க்கவில்லை என்றும் ஏன் என்றும் ஒரு வரி எழுதுங்கள். அப்சர்வேஷனில் தவறாக எழுதிவிட்டால் ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வொயிட்னர் வேண்டாம்.

உண்மையில், ஜோடித்த ரீடிங்கைக் கண்டுபிடிப்பது அனுபவமுள்ள எக்ஸ்டர்னலுக்குப் பெரிய விஷயமே இல்லை. எல்லா வித்தியாசமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கும். 0.01 செ.மீ. லீஸ்ட் கவுன்ட் உள்ள வெர்னியரில் 2.537 செ.மீ. என்று எழுதியிருப்பார்கள். அந்த மூன்றாவது தசம இலக்கத்தை அந்தக் கருவியால் காட்டவே முடியாது. விடையை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டவர்தான் அப்படி எழுதுவார்.

ஒத்துவராத ரீடிங் நோபல் பரிசு வாங்கிய கதை

இங்கிலாந்து விஞ்ஞானி லார்டு ரேலி நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனும், ரசாயனச் சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனும் ஒரே எடை காட்டவில்லை. 1892-இல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, இந்த வித்தியாசத்துக்கு என்ன காரணம் இருக்கலாம் என்று வாசகர்களிடமே கேட்டார். தொடர்ந்து அளந்தபோது, ஒரே கண்ணாடிக் குடுவையில் முதலாவது சுமார் 2.310 கிராம், இரண்டாவது சுமார் 2.299 கிராம். வித்தியாசம் அரை சதவீதம் கூட இல்லை. நம் லேபில் என்றால், "செம ரீடிங்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்போம்.

ரேலியின் கருவிகளுக்கு அரை சதவீதம் பெரிய எண். தன் பிழை அதைவிட மிகக் குறைவு என்று அவருக்குத் தெரியும். அதனால் விடவில்லை. வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொண்டார். காற்றில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு வாயு கலந்திருப்பதை 1894-இல் இருவரும் அறிவித்தனர். அதுதான் ஆர்கான். 1904-இல் ரேலிக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

ஃபர்ஸ்ட் இயர் லேபில் யாரும் ஆர்கானைக் கண்டுபிடிக்கப்போவதில்லை, அது வேறு. ஆனால் உங்கள் பிழை 4 சதவீதம் என்று கணக்கிட்டு வைத்திருந்தால்தான், 3 சதவீத வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம், 15 சதவீத வித்தியாசத்துக்குக் காரணம் தேட வேண்டும் என்பது தெரியும்.

வேலைக்குப் போன பிறகு இது எங்கே வரும்?

சிவில் படிப்பவர்களுக்கு உடனே வரும். கட்டுமான இடத்தில் கான்கிரீட் போடும்போது 150 மி.மீ. பக்கமுள்ள கியூப்கள் வார்த்து, 28 நாள் தண்ணீரில் வைத்து, அழுத்தும் இயந்திரத்தில் உடைத்துப் பார்ப்பார்கள். எம்25 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். அந்தக் கியூப்பின் ஒரு முகம் 22,500 சதுர மி.மீ., அதனால் 562.5 கிலோ நியூட்டன் வரை தாங்கினால் அந்த 25 வரும்.

மூன்று கியூப்களை உடைத்து சராசரி எடுப்பார்கள். எந்த ஒரு கியூப்பும் அந்தச் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 516-இன் விதி. 28, 27, 19 என்று வந்தால் சராசரி 24.7. அதில் 15 சதவீதம் 3.7. கீழ் எல்லை 21. ஆக, 19 வெளியே போய்விட்டது. அந்த சராசரியை நம்பி அடுத்த தளத்துக்குப் போக முடியாது. கியூப் வார்த்ததில் கோளாறா, கான்கிரீட்டிலேயே கோளாறா என்று பார்த்தாக வேண்டும்.

லேபில் 0.112-ஐ 0.081 ஆக்கிப் பழகிய கைக்கு, 19-ஐ 25 ஆக்க அதிக நேரம் ஆகாது. அந்த ரிப்போர்ட்டின் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. அந்தத் தூணுக்குக் கீழே நடமாடப்போவது வேறு யாரோ.

எதை முதலில் எழுதுவது?

மேலிருந்து கீழாக எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. அட்டவணையையும் கிராஃபையும் முதலில் முடித்துவிடுங்கள். அட்டவணையில் அலகை ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எழுதாமல், தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். கிராஃபில் புள்ளிகளைச் சேர்த்து மலை மாதிரி ஏற்ற இறக்கமாக வரையக்கூடாது. புள்ளிகளுக்கு நடுவே ஒரே நேர்கோடு, இருபக்கமும் புள்ளிகள் ஏறக்குறைய சமமாக விழும்படி. சாய்வு எடுக்கும்போது அந்தக் கோட்டில் தூரமாக உள்ள இரண்டு இடங்களை எடுக்க வேண்டும், அளந்த புள்ளிகளை அல்ல.

பிறகு கணக்கு, ரிசல்ட், டிஸ்கஷன். நோக்கம், கருவிகள், செய்முறை எல்லாம் அதற்குப் பிறகு எழுதினால் சுருக்கமாக வரும். அப்ஸ்ட்ராக்ட் கேட்டிருந்தால் அது கடைசி. எதை அளந்தோம், எப்படி, எவ்வளவு வந்தது, பிழை எவ்வளவு என்று நான்கே வாக்கியம்.

முடிவுரையில் "சோதனை வெற்றிகரமாகச் செய்து முடிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். நோக்கத்தில் என்ன கேட்டீர்களோ, அதற்குத்தான் முடிவில் பதில் இருக்க வேண்டும். யங் குணகத்தைக் கண்டுபிடிப்பது நோக்கம் என்றால், முடிவில் அந்த எண் பிழையோடும் அலகோடும் நிற்க வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் என்ன செய்வது?

ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். அந்தப் பயத்தில்தான் பலர் சீனியர் ரெக்கார்டைத் தேடிப் போகிறார்கள். ஆனால் லேப் ரிப்போர்ட்டின் ஆங்கிலம் மிகச் சின்னது. அளக்கப்பட்டது, வைக்கப்பட்டது, கணக்கிடப்பட்டது, கவனிக்கப்பட்டது என்கிற பத்துப் பன்னிரண்டு வினைச்சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் இலக்கணமும் தடுக்காது. டிஸ்கஷனை மட்டும் முதலில் நண்பரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். "தடிமன்லதான்டா பிரச்னை, சுழிப் பிழை இருந்துச்சு" என்று வாய்க்கு வந்துவிட்டால், அதை ஆங்கிலத்தில் எழுதுவது பெரிய வேலை இல்லை.

சாட்ஜிபிடியில் எழுதி வாங்கலாமா?

மொழியைத் திருத்த, வாக்கியம் சரியா என்று பார்க்க உதவும். உங்கள் கல்லூரி அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்கஷனை எழுதச் சொன்னால், காற்றோட்டம், வெப்பநிலை, பார்வைப் பிழை என்று பொதுவாக அடுக்கிக் கொடுக்கும். உங்கள் மேசையில் இருந்த ஸ்க்ரூ கேஜ் 0.10 மி.மீ. கூடுதலாகக் காட்டியது அதற்குத் தெரியாது.

நான்கு பேர் கொண்ட பேட்ச் என்றால் நால்வரின் ரீடிங்கும் ஒன்றாகத்தான் இருக்கும், அதில் தவறில்லை. யாரோடு சேர்ந்து எடுத்தது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடலாம். கணக்கும் டிஸ்கஷனும் மட்டும் அவரவருடையதாக இருக்கட்டும். வைவாவில் எக்ஸ்டர்னல் ரெக்கார்டைப் புரட்டி, ஒரு எண்ணில் விரலை வைத்து, "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்கும்போது பேட்ச் கூட இருக்காது.